மைக்கு பிடிக்கப் போற மாப்ளைக்கு

மாப்ளே, சேதி வந்து சேந்துச்சு. சென்னையில ஒரு சேனல்ல திங்கள் தொடங்கி ஞாயிறு முடிய, ராத்திரி ஒன்பது மணிக்கு, தினம் ஒரு எழுத்தாளரோ பேராசிரியரோ வந்து உக்காருவாங்களாம். எதுத்தாப்ல நீ உக்காந்து கேள்வி கேப்பியாம். ஒங்கம்மா, அதான் எங்கக்கா, கிழக்குத் தெருவுல ஒரு வீடு பாக்கி விடலை. பால் ஊத்துற பயகிட்டக்கூடச் சொல்லிட்டா. "எம்மவன் கேப்பான், அம்புட்டுப் பேரும் பதில் சொல்லியாகணும்"னு அவ சொன்ன தோரணையில, ஒனக்கு சர்க்கார் வக்கீல் உத்தியோகம் கிடைச்சிருச்சுன்னு ஊர்ல பாதிப் பேரு நம்பிக்கிட்டு இருக்கான். நானும் இல்லைன்னு சொல்லலை. இருந்துட்டுப் போகட்டும்.

எனக்கும் பெருமைதான். அஞ்சாங்கிளாஸ்ல கணக்கு வாத்தியாரு, "புரியலைன்னா கேளுலே"ம்பாரு. நீ எந்திரிச்சு, "புரிஞ்சிருச்சு சார்"னு சொல்லிட்டு உக்காருவே. பரீட்சையில முட்டை வாங்குவே. தெரியாத விஷயத்துல தெரிஞ்ச முகத்தோட நிக்கிற அந்தத் தைரியம் அப்பவே ஒனக்கு இருந்துச்சு. இந்த வேலைக்கு அதுதான் மூலதனம். நல்லா வருவே.

"மாமா, நீங்க லைப்ரரியே கதின்னு கிடந்த ஆளு, எப்படிக் கேக்கணும்னு ஒரு யோசனை சொல்லுங்க"ன்னு போன்ல கேட்டே. ஒன் பழைய செல்லுல வெளிநாட்டு நிகழ்ச்சி நாலஞ்சு ஏத்தி, படிச்சுக்கிட்டு இருக்கிற ஒன் தங்கச்சி கையில கொடுத்தும் விட்டே. பாத்தேன். இங்கிலீஷை அவ அர்த்தம் சொன்னா. பிரெஞ்சுக்காரன் பேசுறதுக்குக் கீழே ஓடுற எழுத்தையும் அவளே படிச்சா. நடுவுல ரெண்டு மூணு இடத்துல, சிரிச்சுட்டு எனக்குச் சொல்லாமத் தாண்டிட்டா. அதுகதான் நல்ல இடமா இருந்திருக்கும். ஆக, முழுசும் தெரியாமத்தான் யோசனை சொல்றேன். ஒனக்கு அது பழக்கந்தானே.

மொத யோசனை: புஸ்தகத்தைப் படிச்சுத் தொலைக்காதே.

படிச்சுக் கெட்டவன் ஒருத்தன் இருந்தான். பிரான்ஸ்ல பெர்னார் பிவோன்னு பேரு. லியோன் ஊர்ல பலசரக்குக் கடைக்காரரு மகன். 1975 ஜனவரியில 'அப்போஸ்ட்ரோஃப்'னு ஒரு நிகழ்ச்சி ஆரம்பிச்சாரு. வெள்ளிக்கிழமை ராத்திரி நாலஞ்சு எழுத்தாளரை வட்டமா உக்கார வச்சு, அவங்க புஸ்தகத்தைப் பத்திப் பேசுறது. அம்புட்டுத்தான். பாட்டு இல்லை, ஆட்டம் இல்லை. 1990 ஜூன்ல நிறுத்துற வரைக்கும் 724 தடவை நடந்துச்சு. சனிக்கிழமை காலையில பிரெஞ்சு ஜனம் புஸ்தகக் கடையில போயி, நேத்து டிவியில வந்ததைக் கொடுன்னு நிக்குமாம். கடைக்காரன் அதுக்குன்னே தனி மேசை போட்டு வச்சிருப்பானாம். அங்க கூப்பிட மாட்டாங்களான்னு பதிப்பகத்துக்காரன் எல்லாம் ஏங்கிக்கிட்டுக் கிடந்திருக்கான்.

இதுக்கு அந்த மனுசன் கொடுத்த விலை என்னன்னு கேளு. தினம் பத்து மணி நேரம் படிச்சிருக்காரு! வெள்ளிக்கிழமை வாரவங்க ஒவ்வொருத்தரோட புஸ்தகத்தையும். அப்புறம் எப்பக் குடும்பம் பாக்குறது, எப்ப ரீல் போடுறது? ஒனக்கு இந்தப் பாவம் வேண்டாம்.

புஸ்தகம் கைக்கு வந்ததும் திருப்பிப் பின்னட்டையைப் பாரு. எட்டு வரி இருக்கும். அதுல ஆறு வரியை எழுத்தாளரே எழுதிக் கொடுத்திருப்பாரு. அதை வாய்விட்டு ரெண்டு தடவை படி. அடுத்தது, மஞ்சள் சீட்டு வாங்கி அங்கங்க ஓரத்துல நீட்டிக்கிட்டு இருக்கிறாப்ல ஒட்டு. எந்தப் பக்கம்னு எவனும் பாக்க மாட்டான். ஆனா ரெண்டு சீட்டு ஒரே பக்கத்துல விழுந்திராமப் பாத்துக்கோ, கேமராக்காரன் கிட்டத்துல எடுத்தா நாறிப்போகும். கடைசியா, புஸ்தகத்தை நடுவுல விரிச்சு முதுகை ஒரு தடவை ஒடிச்சுரு. மூணு தடவை படிச்ச களை வந்துரும். நம்ம கிளை நூலகத்துல அப்படி முதுகு ஒடிஞ்சு, ஒரு விரல் ரேகைகூடப் படாம இருந்த புஸ்தகம் ஏகப்பட்டது. கூட்ட மேடைக்குப் போயித் திரும்பி வந்ததுங்க.

கேள்விக்கும் கஷ்டப்படாதே. "இதை எழுதத் தூண்டியது எது?" - இது நாவலுக்கும் ஆகும், அகராதிக்கும் ஆகும், சமையல் குறிப்புக்கும் ஆகும். "இன்றைய இளைஞர்களுக்கு நீங்கள் சொல்ல விரும்புவது?" - இதைக் கேட்டுட்டா ரெண்டு நிமிசம் ஒனக்கு ஓய்வு. கண்ணாடியில தலையைச் சரி பண்ணிக்கலாம். அவரும் போன மாசம் வேற சேனல்ல சொன்னதையே சொல்லுவாரு. ரெண்டு பேருக்கும் வேர்க்காது.

இன்னொண்ணு, கேள்வியை முன்னாடியே அனுப்பிரு. மாட்டுச் சந்தையில தரகரு துண்டைப் போத்தி அதுக்குள்ள விரலைப் பிடிச்சு வெலை பேசுவாரே, அப்படி, உள்ளே ஒண்ணு முடிஞ்சிருக்கும், வெளியே ரெண்டு பேரும் வானத்தைப் பாத்துக்கிட்டு நிப்பாங்க. இதுவும் பெரிய இடத்துப் பழக்கந்தான். பிவோகிட்டயே நடந்திருக்கு. நபோக்கோவ்னு ஒரு ருஷ்யாக்காரரு, 'லோலிதா' எழுதுனவரு. 1975 மே மாசம் வந்தாரு. கேள்வி அம்புட்டையும் முன்னாடியே தந்தாத்தான் வருவேன்னுட்டாரு. வந்து, மேசையில தன் புஸ்தகங்களையே அடுக்கி வச்சு, அதுக்குப் பின்னாடி அட்டையை மறைச்சு வச்சு, எழுதிக் கொண்டாந்த பதிலைப் படிச்சாரு. நடுவுல பிவோ கெட்டில்ல இருந்து அவருக்கு டீ ஊத்துறாரு. "இன்னும் கொஞ்சம் டீ?"ன்னு மரியாதையா விசாரிக்கிறாரு.

நான் தங்கச்சிகிட்டக் கேட்டேன், "ஏ பிள்ளை, பாலும் ஊத்தலை, சீனியும் போடலை, இம்புட்டு ஆசையாக் குடிக்கிறாரே"ன்னு. அவ முழிச்சா. எனக்குத் தண்ணி பட்ட விஷயம்னு விளங்கிருச்சு. தேடிப் பாத்துச் சொன்னா: கெட்டில்ல இருந்தது விஸ்கி. பாக்குற ஜனத்துக்கு முன்னாடி கௌரவமா இருக்கணும்னு செஞ்ச ஏற்பாடு.

ஆனா மாப்ளே, ஒண்ணு சொல்லணும். நபோக்கோவ் படிச்சது நல்லா இருந்துச்சு. பேசச் சொன்னா எனக்கு வராதுன்னு ஒத்துக்கிட்டவரு. அதனால உக்காந்து எழுதிக் கொண்டாந்தாரு. ஒவ்வொரு வாக்கியத்துலயும் பாடுபட்ட தடம் தெரியுது. நம்ம ஆளுக எழுதாமலே படிக்கிற ஆளுக. போனவாரக் கூட்டத்துல பேசுனதை இந்தவாரம் மனசுக்குள்ள இருந்து படிப்பாங்க.

ரெண்டாவது யோசனை, புதன்கிழமை நிகழ்ச்சி தொய்ஞ்சு போகும். அன்னிக்கு ஒரு தகராறு வேணும்.

இதுக்கும் முன்னோடி இருக்கு. 1978 செப்டம்பர்ல அதே பிவோ, அமெரிக்காவுல இருந்து புக்கோவ்ஸ்கிங்கிற கவிஞரைக் கூட்டியாந்தாரு. இவருக்குக் கெட்டில் எல்லாம் வேண்டியிருக்கலை. ஒயிட் ஒயின் பாட்டிலை அப்படியே கவுத்துக்கிட்டு இருந்தாரு. மத்தவங்க பேசப் பேச முனகுறாரு. வட்டத்துல இருந்த ஒரு எழுத்தாளரு வாயை மூடும்னு அதட்டுறாரு. கொஞ்ச நேரத்துல ஐயா எந்திரிச்சு, நிகழ்ச்சி நடந்துக்கிட்டு இருக்கையிலேயே, தள்ளாடிக்கிட்டு நடையைக் கட்டிட்டாரு. அவரு கவிதையைப் பத்தி அன்னிக்கு என்ன பேசுனாங்கன்னு இன்னிக்கு ஒருத்தனுக்கும் நினைவில்லை. எந்திரிச்சுப் போனது மட்டும் நினைவிருக்கு. புஸ்தகம் பிரான்ஸ்ல அப்புறம் நல்லா வித்துச்சாம்.

குடிக்கிற ஆளு கிடைக்கலைன்னா, ஒருத்தரை ஒருத்தர் ஆகாத ரெண்டு பேரைப் பிடி. அமெரிக்க டிவியில டிக் காவெட்டுன்னு ஒருத்தரு, 1971 டிசம்பர்ல கோர் விடால், நார்மன் மெய்லர்ங்கிற ரெண்டு எழுத்தாளரை ஒரே மேடையில உக்கார வச்சாரு. விடால் ஒரு கட்டுரையில மெய்லரை, சார்ல்ஸ் மேன்சன்னு ஒரு கொலைகாரக் கூட்டத் தலைவனோட சேத்து வச்சு எழுதியிருந்தாரு. மெய்லரு ஏத்திக்கிட்டு வந்திருந்தாரு. மேடை ஏறுறதுக்கு முன்னாடி, காத்திருக்கிற அறையிலேயே விடாலைத் தலையால ஒரு முட்டு முட்டியாச்சு. மேடையில எல்லாரையும் வையுறாரு. "உங்க அறிவை உக்கார வைக்க இன்னும் ரெண்டு நாற்காலி போடச் சொல்லட்டா?"ன்னு காவெட்டு கேட்டாரு. "கையில இருக்கிற கேள்விச் சீட்டைப் பாத்து ஒரு கேள்வி கேளும்"னு மெய்லரு பதிலுக்கு இளக்காரம் பண்ணுனாரு. பாரு, அங்கயும் சீட்டுத்தான்!

அந்த மேடையில இன்னொருத்தரும் இருந்தாங்க. ஜேனட் ஃப்ளானர். எம்பது வயசை நெருங்குன அம்மா. பாரிசுல இருந்துக்கிட்டு, அமெரிக்கப் பத்திரிகைக்கு அம்பது வருசம் கடிதம் எழுதுனவங்க. ரெண்டு உலகப் போர்க் காலத்துலயும் வாழ்ந்தவங்க. இந்த ரெண்டு ஆம்பளைகளும் கட்டிப் பொரள்ற இடத்துல, எனக்குச் சலிப்பாப் போச்சுன்னு பட்டுன்னு சொன்னாங்க. ஜனம் கை தட்டுச்சு. அந்த அம்மாகிட்ட அன்னிக்கு உருப்படியாக் கேக்குறதுக்கு எம்புட்டு இருந்திருக்கும்! யாரு கேட்டா? மெய்லரு முட்டுனதைத்தான் இன்னிக்கும் செல்லுல தேடித் தேடிப் பாக்குறாங்க. அதனால ஒன் ஏழு நாள்ல அப்படி ஒரு பெரியம்மா வந்தா ஓரமா உக்கார வை. தண்ணி மட்டும் கொடு.

ஆனா ஒரு எச்சரிக்கை. "யாரைத் தேவைக்கு மேல தூக்கி வச்சிருக்காங்க?"ன்னு கேட்டுராதே. அதே காவெட்டு பின்னால மேரி மெக்கார்த்திங்கிற எழுத்தாளர்கிட்டக் கேட்டாரு. அந்தம்மா லில்லியன் ஹெல்மன் பேரைச் சொல்லி, அவ எழுதுற ஒவ்வொரு சொல்லும் பொய்னுட்டாங்க. 1980 ஜனவரியில ஒளிபரப்பாச்சு. ஹெல்மன் 22 லட்சத்து 50 ஆயிரம் டாலர் நஷ்டஈடு கேட்டு, மெக்கார்த்தி, காவெட்டு, டிவிக்காரன்னு எல்லாரு மேலயும் கேசு போட்டுட்டாங்க. 1984-ல ஹெல்மன் காலமானதுக்கு அப்புறந்தான் கேசு ஓஞ்சுச்சு. நம்ம பக்கம் கேசு போட மாட்டாங்க, அதுல சந்தோசப்படாதே. அடுத்த புஸ்தகத்துக்கு நாப்பது பக்கத்துல முன்னுரை எழுதுவாங்க. அதுல நீ ஒரு பாத்திரமா வருவே. அதைப் படிக்கணும். அதுக்குக் கேசே தேவலை.

சண்டை மட்டும் இல்லை, சிபாரிசும் நிகழ்ச்சிதான். அமெரிக்காவுல ஓப்ரான்னு ஒரு மகராசி 1996-ல இருந்து டிவியில புஸ்தகம் சிபாரிசு பண்ணுனாங்க. அவங்க கைகாட்டுனது லட்சக்கணக்குல வித்துச்சு. ஒருத்தன் தன் வாழ்க்கைக் கதைன்னு எழுதுனதை 2005-ல தூக்கிப் பிடிச்சாங்க. அதுல புளுகு கலந்திருக்குன்னு வெளியே வந்துச்சு. 2006 ஜனவரியில அவனைத் திரும்பக் கூட்டியாந்து, அதே மேடையில வச்சுக் காய்ச்சி எடுத்தாங்க. மெச்சுனதும் நிகழ்ச்சி, வஞ்சதும் நிகழ்ச்சி. ரெண்டுக்கும் விளம்பரம் உண்டு. தொழில்னா இது.

வியாழக்கிழமைக்குக் கல்வெட்டுப் படிக்கிற பேராசிரியர் ஒருத்தர் வாராருன்னு சொன்னே. இங்கதான் மாப்ளே நீ கவனமா இருக்கணும். படிப்பாளியைப் பேச விட்டா, பேசிப்புடுவாங்க.

லண்டன் ரேடியோவுல மெல்வின் பிராக்னு ஒருத்தர் இந்தத் தப்பை 1998-ல இருந்து செஞ்சாரு. வியாழக்கிழமை காலையில ஒன்பது மணி. மூணு பேராசிரியரு. ஒரே விஷயம். ஒரு வாரம் ஒளித்துகள், இன்னொரு வாரம் லண்டன் ஜனம் ஜின் குடிச்சு அழிஞ்ச கதை, இன்னொரு வாரம் இறகு முளைச்ச டைனோசர். வந்தவங்க தன் புஸ்தகத்தை விளம்பரம் பண்ணப்படாது. நாட்டு நடப்போட முடிச்சுப் போட்டுக் கதை அளக்கப்படாது. அவரும் கடைக்காரன் வீட்டுப் பிள்ளைதான், அப்பா சாராயக்கடை நடத்துனவரு. ஆயிரம் தடவைக்கு மேல நடத்தி, 2025-லதான் மைக்கை வச்சாரு. சுத்தி வளைச்சுப் பேசுனா பேராசிரியரையே இடைமறிப்பாரு. அது என்ன, இது எப்படி, அடுத்தது என்ன, இம்புட்டுத்தான் கேள்வி. எனக்கு ஒளித்துகள் விளங்கலை. ஆனா ஒருத்தர் விளங்கிக்கிடப் பாடுபடுறது விளங்குச்சு.

நிகழ்ச்சி முடிஞ்ச பொறவும் பதிவு ஓடும். எதை விட்டுட்டோம்னு கேப்பாரு. அப்பத்தான் அந்த மூணு பேரும் தோளைத் தளர்த்திக்கிட்டு, ஒருத்தர் பேச்சை ஒருத்தர் மடக்கி, அடடா அதைச் சொல்லலையே, இதைச் சொல்லலையேன்னு பேசுவாங்க. அது சூடு பிடிக்கையில ஒருத்தர் கதவைத் திறந்துட்டு வந்து, டீயா காப்பியான்னு கேப்பாரு. அதோட முடிச்சிருவாங்க. தங்கச்சிகிட்டச் சொல்லி அந்தக் கடைசித் துண்டை மட்டும் நாலஞ்சு வாரத்துக்குப் போடச் சொன்னேன். ஒரு வாரத்துல ஒரு அம்மா, டீ போதும்னு சொல்லிக்கிட்டே ஒரு விஷயத்தை ஆரம்பிச்சு, பாதியில விட்டுட்டாங்க. நம்ம ஊர்லயும் விழா முடிஞ்சு செருப்புத் தேடுற நேரத்துலதானே பேராசிரியருங்க நல்லாப் பேசுவாங்க.

ஒன் சேனல்ல இது ஆகாது. ஒன் கல்வெட்டுப் பேராசிரியர்கிட்ட நீ என்ன கேப்பேன்னு எனக்குத் தெரியும். "உலகத்துலேயே தமிழன்தானே ஐயா மொதல்ல?"ம்பே. அவரு தயங்குவாரு. நீ கேமராவைப் பாத்துப் பெருமையாத் தலையாட்டிட்டு, ஒரு சின்ன இடைவேளைம்பே. பல்பொடி விளம்பரம் வரும். போச்சு.

நானா இருந்தா என்ன கேப்பேன், தெரியுமா? தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கல்வெட்டுல, ஒரு விளக்கு அணையாம எரிய 96 ஆடுன்னு கணக்கு இருக்கு. அந்த ஆட்டை இடையர்கிட்டக் கொடுத்துருவாங்க. அவரு தினம் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்கணும். இதை லைப்ரரியில ஒரு புஸ்தகத்துல படிச்சதுல இருந்து எனக்குத் தூக்கமில்லை. எங்கிட்டயும் ஆடு கிடக்கு. பதினாலு உருப்படி. கோமாரி வந்த வருசம் நாலு போச்சு. ராசராசன் காலத்து ஆடு சாகாதா? "சாகவும் கூடாது, கிழடாகவும் கூடாது, தொகை குறையாம நிக்கணும்"னு அந்தக் காலத்து ஏற்பாடாம். சரி, செத்ததுக்குப் பதிலா குட்டியைச் சேத்துக்கிடணும். அப்ப மிஞ்சுன குட்டி யாருக்கு? கிடாக்குட்டி பொறந்தா என்ன செஞ்சாரு? பஞ்ச வருசத்துல நெய்க்கு எங்க போனாரு? அவரு செத்தா மகன் தலையில விழுமா? 96-ங்கிற தொகையை எவன் எந்தக் கணக்குல போட்டான்? தொண்ணூறு ஏன் பத்தாது?

இதுல அஞ்சைக் கேட்டாப் போதும், அந்தப் பேராசிரியரு ராத்திரி விடிய விடியப் பேசுவாரு. முப்பது வருசமா அவர்கிட்ட எவனும் ஆட்டைப் பத்திக் கேட்டிருக்க மாட்டான். ரெண்டு கேள்விக்கு, "அது எனக்கும் தெரியலை"ன்னு சொல்லுவாரு. அதைச் சொல்லையில அவரு முகத்தைப் பாக்கணும். ஆனா பாரு, இதைக் கேக்க ஒருத்தனுக்கு ஆடு தெரிஞ்சிருக்கணும், இல்லைன்னா ஆடு தெரியாதுன்னு ஒத்துக்கணும். ஒனக்கு ரெண்டும் கஷ்டம்.

இப்படி வெள்ளந்தியாக் கேட்டே பேரெடுத்தவன் ஒருத்தன் அமெரிக்காவுல இருக்கான். பிரையன் லாம்ப். சி-ஸ்பான்னு ஒரு சேனல், விளம்பரமே கிடையாது. 1989-ல இருந்து 2004 வரைக்கும், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒரு மணி நேரம், ஒரு எழுத்தாளர், ஒரு புஸ்தகம். மொத்தம் 801 தடவை. ஒரு தடவை வந்தவரை மறு தடவை கூப்பிடுறதில்லை. இவரும் படிக்கிற வியாதிக்காரருதான், வார புஸ்தகத்தை முழுசும் முடிச்சிருப்பாரு. ஆனா படிச்சதைக் காட்டிக்கிட மாட்டாரு. எங்க உக்காந்து எழுதுவீங்க, எதுல எழுதுவீங்க, புஸ்தகத்தை யாருக்குச் சமர்ப்பணம் பண்ணியிருக்கீங்க, அவங்க யாரு? சட்டை கசங்காம, முகம் மாறாமக் கேப்பாரு. ஷெல்பி ஃபூட்டுன்னு ஒரு எழுத்தாளரு, அமெரிக்க உள்நாட்டுப் போரை மூணு பாகமா இருபது வருசம் எழுதுனவரு. அம்புட்டையும் மைக்கூட்டுல முக்கி எழுதுற பேனாவால எழுதியிருக்காரு. எதுல எழுதுறீங்கன்னு கேக்குற ஆளுகிட்டத்தானே இதெல்லாம் வெளியே வரும்? போர்த்தந்திரத்தைப் பத்தித்தான் கேப்பேன்னு நின்னா வராது.

ஆனா லாம்ப் பண்ணுன பெரிய தப்பு என்னன்னா, அந்த 801 மணி நேரத்துல தன்னைப் பத்தி ஒண்ணும் பேசலை. நீ அப்படி இருந்துராதே. "நான்கூட என் நாவலில்"னு ஆரம்பி. விருந்தாளி எதைச் சொன்னாலும் அதுக்கு ஒரு கதவு இருக்கும், அது வழியா ஒன் நாவலுக்குள்ள நுழைஞ்சுரு. வெளியான அன்னிக்கு நீ கொடுத்த பிரதி பத்திரமா இருக்கு. மஞ்சள் சீட்டுகூட ஒட்டி வச்சிருக்கேன்.

ஒண்ணை மட்டும் சிரிப்பில்லாமச் சொல்லணும். 1990 மார்ச் 2. பிவோ நிகழ்ச்சி முடியப்போற வருசம். கப்ரியேல் மாட்ஸ்னெஃப்னு ஒரு எழுத்தாளரு வந்தாரு. பள்ளிக்கூட வயசுப் பிள்ளைகளோட தனக்கிருந்த சகவாசத்தை நாட்குறிப்பா எழுதி, அச்சும் போட்டவரு. பிவோ அவரைக் கேலியும் கிண்டலுமாத்தான் விசாரிக்கிறாரு. வட்டத்துல உக்காந்திருந்தவங்க சிரிக்கிறாங்க. படிச்ச சபை, நல்ல வெளிச்சம், நல்ல பிரெஞ்சு. தெனிஸ் போம்பார்டியேன்னு கனடாக்கார அம்மா ஒருத்தங்கதான், இது இலக்கியம் இல்லை, சின்னப் பிள்ளைகளுக்குச் செஞ்ச கொடுமைன்னு நேருக்கு நேரா சொன்னாங்க. அப்புறம் பாரிசு எழுத்தாளருங்க யாரை வஞ்சாங்கன்னு நினைக்கிறே? அந்தம்மாவைத்தான். அந்த ஆளோட பிடியில பதினாலு வயசுல மாட்டுன வனெஸா ஸ்ப்ரிங்கோரா, 2020 ஜனவரியில தன் கதையைப் புஸ்தகமாப் போட்ட பொறவுதான் போலீசு விசாரணையே வந்துச்சு. பிவோவும் தான் அன்னிக்குச் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை தனக்கு வரலைன்னு வருத்தப்பட்டாரு.

தினம் பத்து மணி நேரம் படிச்ச மனுசன் மாப்ளே. அந்தப் புஸ்தகத்தையும் படிச்சிட்டுத்தான் உக்காந்திருந்தாரு.

எனக்கு அதைப் பாத்தப்போ அன்னிக்கு மேல எதுவும் பாக்கப் பிடிக்கலை. தங்கச்சியும் செல்லை வாங்கி மூடி வச்சுட்டா. ரெண்டு பேரும் ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போயிட்டோம்.

சரி, அதை விடு. ஞாயிற்றுக்கிழமைக்கு வா. அன்னிக்கு எல்லாரையும் சேத்து உக்கார வச்சு, நன்றி சொல்லி, சால்வை போத்துவீங்களாம். சால்வை போத்துறதுல நீ கெட்டிக்காரன், கல்யாண வீட்டுல பாத்திருக்கேன். அதுல யோசனை தேவைப்படாது. ஆனா சால்வை வாங்குனவங்க வெளியே வந்து ஆட்டோவுக்கு நிப்பாங்க பாரு, அப்பப் பக்கத்துல போய் நில்லு. கேமரா இருக்காது, அதனால தலையை வேற கோதிக்கிட வேண்டாம். கல்வெட்டுப் பேராசிரியர்கிட்டக் கிடாக்குட்டியைப் பத்தி மட்டும் கேட்டுச் சொல்லு. மறந்துறாதே. ஒனக்கு அதுல ஆர்வம் இல்லைன்னாலும் எனக்காகக் கேளு. மாமன் கேக்கச் சொன்னாருன்னு சொன்னா கௌரவக் குறைச்சல்னா, ஆடு வளக்குற ஒரு நேயர் கேட்டாருன்னு சொல்லிரு.

ஒங்கம்மா ஒங்கிட்டக் கோவில்பட்டிக் கடலைமிட்டாய் அஞ்சு பாக்கெட்டு கொடுத்து விடுவா. சேனல் மொதலாளிக்கு, நிகழ்ச்சி இயக்குநருக்குன்னு கணக்குப் போட்டுக் கொடுப்பா. அதுல ஒரு பாக்கெட்டை, ஒஞ்சட்டையில மைக்கு மாட்டி விடுற பயலுக்குக் கொடுத்துரு. காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு, நீ பேசுறதை ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் கேட்டாகணும் அவன். தப்பிக்க வழியில்லை. திங்கள் ராத்திரி முடிஞ்சதும் எப்படி இருந்துச்சுன்னு அவன்கிட்டயே கேளு. அவன் என்ன சொன்னாலும் எனக்குப் போன் போடு. ஒம்பதரைக்கு மேல போடு, அதுக்கு முன்னாடி ஒங்கம்மா டிவி முன்னாடி இருந்து ஆளை எந்திரிக்க விடமாட்டா. அப்புறம், செல்லை அனுப்புனவன் சார்ஜரை அனுப்பலை. தங்கச்சி கல்லூரிக்குக் கொண்டு போயித்தான் சார்ஜ் ஏத்திக்கிட்டு வாரா.